போன், வங்கி, கியூஆர், வட்ஸ்அப்: திருகோணமலையில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலை பஸ் நிலையத்திலிருந்து கொஞ்சம் தள்ளி ஒரு கொமினிகேஷன் கடை வைத்திருக்கிறேன். போட்டோகொப்பி, ரீலோட், தட்டச்சு, ஒன்லைன் விண்ணப்பம் ஆகியவைதான் தொழில். ஆனால் நாளின் பாதி கேள்விகளுக்குப் பதில் சொல்வதிலேயே போகிறது. மூதூரிலிருந்து வந்த ஐயா காலையில் கேட்டதை, நிலாவெளி அக்கா மத்தியானம் கிட்டத்தட்ட அதே சொற்களில் கேட்பார். அதனால் கேள்விகளை அவரவர் கேட்டபடியே ஒரு கொப்பியில் எழுதத் தொடங்கினேன். அந்தக் கொப்பிதான் இந்தப் பக்கம்.

பலர் குரலைத் தாழ்த்தி, தப்புச் செய்தவர்போலக் கேட்கிறார்கள். எனக்கு அது மனதுக்குக் கஷ்டம். இந்தச் சாமான்களை யாரும் நமக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தரவில்லை. ஒரு நாள் கைக்கு வந்தது, அடுத்த நாள் அது இல்லாமல் வங்கியில் அலுவல் முடியாது என்றார்கள். கேட்டுத்தான் படிக்க வேண்டும்.

எனக்கு 68 வயசு. பட்டன் போனே போதும். ஸ்மார்ட்போன் கட்டாயம் வேணுமா தம்பி?

கட்டாயம் இல்லை. பேசுவதற்கும் குறுஞ்செய்திக்கும் வங்கி அனுப்பும் இரகசிய இலக்கத்தைப் பெறுவதற்கும் பட்டன் போன் போதும். பற்றரி நாலைந்து நாள் நிற்கும், விழுந்தாலும் தாங்கும். 1990 அம்புலன்ஸ், 119 பொலிஸ், அரச தகவல் நிலையம் 1919 எல்லாம் சாதாரண அழைப்புத்தான்.

பிள்ளைகள் வெளிநாட்டில் இருந்து முகம் பார்த்துக் கதைக்க வேண்டுமென்றால் மட்டும் ஸ்மார்ட்போன் தேவைப்படும். அப்படி வாங்கினாலும் பழைய போனை எறிய வேண்டாம். வங்கியில் இலக்கம் கொடுத்திருக்கும் சிம்மை அதிலேயே வைத்திருங்கள். அந்தச் சிம்முக்கு என்ன வருகிறது என்பது கீழே ஓடிபி பற்றிய பதிலில் வரும்.

நேற்றுத்தான் ரீலோட் போட்டேன். ஒருவருக்கும் கோல் எடுக்கவில்லை. காசு எங்க போனது?

பெரும்பாலும் டேட்டாவில் போயிருக்கும். டேட்டா பொதி முடிந்தபின் இணையம் திறந்திருந்தால், உங்கள் மீதிப் பணத்திலிருந்து வெட்டப்படலாம். பேஸ்புக்கில் வீடியோக்கள் நீங்கள் தொடாமலே ஓடும். வட்ஸ்அப் குழுக்களில் வரும் படங்களும் தாமாகவே இறங்கும். வட்ஸ்அப் அமைப்புகளில் தானாக இறங்குவதை நிறுத்துங்கள். பாவிக்காத நேரம் மொபைல் டேட்டாவை அணைத்துவிடுங்கள். இரண்டும் செய்தபின்னும் காசு குறைந்தால், ஏதாவது கட்டணச் சேவை உங்கள் இலக்கத்தில் பதிவாகியிருக்கும். சேவை நிலையத்துக்கு அழைத்து எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லுங்கள்.

மகன் டுபாயில. வட்ஸ்அப்பில கோல் எடுக்க ஏலாது என்கிறான். பொய் சொல்றானா?

இல்லை அம்மா, உண்மைதான். ஐக்கிய அரபு இராச்சியத்தில் இணைய வழி அழைப்புக்கு அனுமதி பெற்ற செயலிகளே வேலை செய்யும். வட்ஸ்அப்பில் எழுத்தும் குரல் பதிவும் போகும், அழைப்புப் போகாது. அதனால்தான் அங்கிருப்பவர்கள் போட்டிம் போன்றவற்றைப் பாவிக்கிறார்கள். உங்கள் போனிலும் அதைப் போட்டுக்கொண்டால் பேசலாம்.

இன்னொன்று. டுபாய் நேரம் நமக்கு ஒன்றரை மணித்தியாலம் பின்னால். நீங்கள் காலை 6 மணிக்கு விளக்கேற்றிவிட்டு அழைக்கும்போது அவருக்கு நாலரை மணி. எடுக்காததற்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.

அந்தக் காலம் நல்லம். இப்ப ஒருவரும் ஒருவரோடும் கதைப்பதில்லையே?

இதைக் கேள்வியாக இல்லாமல் பெருமூச்சாகத்தான் பலர் சொல்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. வெளிநாட்டு அழைப்பு எடுக்கும் கடைகளை நினைத்துப் பாருங்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒருவர், வெளியே வாங்கில் ஏழெட்டுப் பேர். உள்ளே நிற்பவரின் கண் முழுக்க நிமிடம் ஓடும் பெட்டியில். "சுகமா, சுகம், காசு கிடைத்ததா, வைக்கிறேன்." அவ்வளவுதான் கதை. சவூதிக்குப் போனவர்கள் குரலைக் கசட்டில் பதிந்து, ஊருக்கு வருபவர் கையில் கொடுத்துவிடுவார்கள். வீட்டில் எல்லோரும் சுற்றியிருந்து கேட்பார்கள். திருப்பிப் பதில் சொல்ல இன்னொருவர் விமானம் ஏறும்வரை காத்திருக்க வேண்டும்.

இன்று கிண்ணியாவில் ஒரு ராத்தா சமைத்துக்கொண்டே கட்டாரில் இருக்கும் கணவரிடம் உப்புக் கூடிவிட்டது என்கிறார். அதைச் சின்ன விடயம் என்று நான் நினைக்கவில்லை. ஒரே வீட்டுக்குள் இருப்பவர்கள் பேசுவது குறைந்தது உண்மைதான். அதற்கு மருந்து சோற்றுக் கோப்பையைக் கையில் எடுக்கும்போது போனைக் கீழே வைப்பது. அதை வீட்டில் பெரியவர்கள்தான் முதலில் செய்ய வேண்டும்.

நான் தமிழில்தான் தட்டினேன். அங்க திறந்தால் இங்கிலிஷ் எழுத்தாக் கிடக்குது. ஏன்?

என் கடையில் மிக அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான், கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நம் நாட்டில் பல ஆண்டுகள் பாமினி எழுத்துருவில்தான் தட்டச்சு நடந்தது. பாமினியில் உண்மையில் கணினிக்குள் சேமிக்கப்படுவது ஆங்கில எழுத்து. அதன் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்தியிருக்கிறார்கள். "அம்மா" என்று தட்டினால் உள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றுதான் இருக்கும். பாமினி இல்லாத கணினியில் திறந்தால் போர்வை விலகி அந்த ஐந்தும் தெரிகின்றன. கடிதம் கெடவில்லை, பயப்பட வேண்டாம். எழுத்துருவைப் போட்டால் திரும்ப வரும்.

யூனிகோட் அப்படி அல்ல. அதில் தமிழ் எழுத்துகளுக்கென்றே தனி இலக்கங்கள் உண்டு. 1991இல் வந்த முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கொடுக்கப்பட்டது. உங்கள் போனில் தட்டுவது யூனிகோட்தான். அதனால்தான் கனடாவில் இருக்கும் அண்ணன் எந்த எழுத்துருவும் போடாமல் அதை வாசிக்கிறார். மின்னஞ்சல், இணையப் படிவம், அரச தளம் எல்லாவற்றுக்கும் யூனிகோட்டையே பாவியுங்கள். பழைய பாமினிக் கோப்புகளை மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாக உண்டு. மாற்றியபின் ஒருமுறை கண்ணால் வாசியுங்கள். கொம்பும் புள்ளியும் சில இடங்களில் தவறும்.

விசைப்பலகை எது என்று கேட்பவர்களுக்கு: பாமினியில் விரல் பழகியவர்கள் அதே விசை அமைப்பில் யூனிகோட் எழுதலாம். ரெங்கநாதன் விசைப்பலகை நம் நாட்டின் தரம். தமிழ்99 தமிழ்நாட்டில் 1999இல் தரமானது. புதிதாகப் பழகும் பிள்ளைகளுக்கு அது இலகு. எது என்றாலும் சரி, தமிழைத் தமிழ் எழுத்தில் எழுதுங்கள். பேரன் ஆங்கில எழுத்தில் தமிழ் அனுப்புகிறான், வாசித்துச் சொல் தம்பி என்று போனை நீட்டும் அம்மம்மாக்களை நான் வாரம்தோறும் பார்க்கிறேன்.

இந்த ஓடிபி என்றால் என்ன? ஏன் எல்லாரும் கேட்கிறார்கள்?

ஒருமுறை மட்டும் திறக்கும் சாவி. உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து பணம் எடுக்க, அல்லது உங்கள் கணக்குக்குள் நுழைய யாரோ கதவைத் தட்டுகிறார்கள். அது நீங்கள்தானா என்று பார்க்க, உங்கள் சிம்முக்கு ஆறு இலக்கம் அளவில் ஒரு எண் வரும். அந்த எண் யார் கையில் இருக்கிறதோ, கதவு அவருக்குத் திறக்கும். யாருக்கும் சொல்லாதீர்கள் என்று செய்தியிலேயே இருக்கிறது. ஆனால் என்னிடம் காட்டப்படும் செய்திகளில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில். வாசிக்கத் தெரியாத எச்சரிக்கையால் யாருக்கு என்ன பயன்? அதனால் தமிழில் ஒரு துண்டில் எழுதி கடைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன்: "காசு வருவதற்கு எந்த இரகசிய இலக்கமும் தேவையில்லை. அதைக் கேட்டால் காசு போகப் போகிறது."

இதை மட்டும் மனதில் வைத்தால் போதும். பரிசு விழுந்திருக்கிறது, வெளிநாட்டிலிருந்து பொதி வந்திருக்கிறது, உதவிப் பணம் போடப் போகிறோம் என்று யார் அழைத்தாலும் உங்களுக்குப் பணம் வர உங்கள் கணக்கு இலக்கம் போதும். வங்கி ஊழியர்கூட அந்த ஆறு இலக்கத்தைக் கேட்கமாட்டார். நான் கேட்டாலும் சொல்ல வேண்டாம். விண்ணப்பம் செய்யும்போது எண் தேவைப்பட்டால், நீங்களே விசைப்பலகையில் தட்டுங்கள். எழுத்துகளைப் பெரிதாக்கித் தருவேன்.

அக்காவின் இலக்கத்திலிருந்து அவசரமாக் காசு கேட்டு வட்ஸ்அப் வந்தது. அனுப்பிப்போட்டேன். அக்கா கேட்கவே இல்லையாம்.

மேலே சொன்ன அதே சாவி, வேறு கதவு. வட்ஸ்அப் கணக்கை ஒரு புதுப் போனில் திறக்க ஆறு இலக்கம் தேவை. யாரோ அக்காவிடம் "தவறுதலாக உங்களுக்கு ஒரு எண் வந்துவிட்டது, அனுப்புங்கள்" என்று கேட்டு வாங்கியிருக்கிறார்கள். இப்போது அக்காவின் பெயரில் எழுதுவது அவர்கள்.

அக்கா உடனே தன் போனில் வட்ஸ்அப்பைத் திறந்து தன் இலக்கத்தைக் கொடுத்து, வரும் புதிய எண்ணைத் தட்ட வேண்டும். தட்டியவுடன் திருடன் வெளியே தள்ளப்படுவான். அவன் இரண்டாவது பூட்டு ஒன்றைப் போட்டிருந்தால் அக்கா உள்ளே போக 7 நாள் காத்திருக்க நேரலாம். ஆனால் அந்த 7 நாளும் அவனாலும் பாவிக்க முடியாது. அதற்குள் உறவினர்களுக்குச் சாதாரண அழைப்பு எடுத்துச் சொல்லிவிடுங்கள். நீங்கள் பணம் அனுப்பிய வங்கிக்கு அந்த நிமிடமே அறிவியுங்கள், பொலிசில் முறைப்பாடு போடுங்கள். இனிமேலுக்கு, வட்ஸ்அப் அமைப்புகளில் இரண்டு படிச் சரிபார்ப்பை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். பணம் கேட்டு எழுத்தில் வந்தால் குரலில் கேட்டு உறுதிப்படுத்துங்கள்.

அடையாள அட்டைப் படத்தை வட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்கிறார்கள். அனுப்பலாமா?

யார், எதற்கு என்பதைப் பொறுத்தது. நம் அடையாள அட்டை இலக்கம் வெறும் எண் அல்ல. பழைய அட்டையில் முதல் இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று அந்த ஆண்டின் எத்தனையாவது நாள். பெண்களுக்கு அந்த நாளோடு 500 கூட்டப்படும். 2016இலிருந்து வரும் 12 இலக்க எண்ணில் ஆண்டு முழுதாக நான்கு இலக்கத்தில் இருக்கும், மிச்சம் அதே கணக்கு. ஆக எண்ணைப் பார்த்தாலே ஆணா பெண்ணா, எந்தத் திகதி பிறந்தவர் என்று சொல்லிவிடலாம். பிறந்த திகதியைக் கடவுச்சொல்லாக வைத்திருப்பவர்கள் இன்றே மாற்றுங்கள்.

வேலைக்கு விண்ணப்பித்த இடம், வங்கி, அரச அலுவலகம் என்றால் அவர்களுடைய மின்னஞ்சலுக்கோ தளத்துக்கோ அனுப்பலாம். தெரியாத இலக்கம் என்றால் வேண்டாம். அனுப்பியே ஆக வேண்டும் என்றால் போட்டோகொப்பியின் குறுக்கே "இன்ன விண்ணப்பத்துக்கு மட்டும்" என்று திகதியோடு எழுதி, அதைப் படம் எடுத்து அனுப்புங்கள்.

கியூஆர் என்று ஒட்டியிருக்கிற கறுப்புக் கட்டம் என்ன? மீன் கடையிலயும் வந்திட்டுது.

எழுத்தைப் படமாக்கி வைப்பது. 1994இல் ஜப்பானில் டென்சோ வேவ் நிறுவனம் வாகன உதிரிப்பாகங்களைக் கணக்கெடுக்க உருவாக்கியது. நம்மில் பலருக்கு அது அறிமுகமானது 2022இல், எரிபொருள் இல்லாத காலத்தில். கட்டத்தைக் காட்டினால்தான் பெற்றோல்; மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5 லீற்றர் என்று தொடங்கியது. அந்த நாட்களில் என் கடை இரவு பத்து மணிக்கும் மூடவில்லை. ஸ்மார்ட்போன் இல்லாதவர்களுக்குப் பதிவு செய்து, கட்டத்தை அச்சிட்டு, மழையில் நனையாமல் லமினேட் செய்து கொடுத்தேன். ஒருவர் அதைச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டி வைத்திருந்தார். படம்தானே, வேறொருவர் தன் போனில் அதைப் படம் பிடித்து உங்கள் பங்கை அடித்துவிட முடியும். அப்படி இழந்தவர்களும் உண்டு. 2023 செப்டம்பரில் அந்த முறை நிறுத்தப்பட்டது, கட்டம் மட்டும் ஊரில் நின்றுவிட்டது.

இப்போது கடைகளில் இருப்பது லங்காகியூஆர். உங்கள் வங்கிச் செயலியால் அதைப் பார்த்தால் பணம் கடைக்காரரின் கணக்குக்குப் போகும். வாங்குபவர் அனுப்பும் முன் திரையில் வரும் பெயரைப் பாருங்கள். விற்பவர் வாடிக்கையாளரின் திரையை நம்பாமல், தன் போனுக்குச் செய்தி வந்ததா என்று பாருங்கள். ஒட்டியிருக்கும் கட்டத்தின் மேல் வேறு கட்டம் ஒட்டப்பட்டிருக்கிறதா என்று காலையில் கடை திறக்கும்போதே விரலால் தடவிப் பார்ப்பது நல்லது. நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் கடை வைத்திருப்பவர்களுக்கு ஒரு செய்தி: 2024 பெப்ரவரியிலிருந்து இந்தியப் பயணிகள் தங்கள் யூபிஐ செயலியாலேயே லங்காகியூஆருக்குப் பணம் செலுத்த முடிகிறது.

ஒரு இலக்கம் பிழைத்துக் காசு வேறு கணக்குக்குப் போயிட்டுது.

உடனே வங்கிக்குச் சொல்லுங்கள், எழுத்திலும் கொடுங்கள். வங்கி தானாக அந்தக் கணக்கிலிருந்து பணத்தை எடுத்துத் தராது, பெற்றவரோடு தொடர்புகொள்ளும். அவர் நல்ல மனிதர் என்றால் திரும்ப வரும். புதுக் கணக்குக்கு அனுப்பும்போது முதலில் 100 ரூபாய் அனுப்பி, கிடைத்ததா என்று கேட்டபின் மிச்சத்தை அனுப்பும் பழக்கம் நல்லது.

என்ட சிம் செத்துப்போன அப்பாவின் பெயரில. அப்படியே வைச்சிருந்தால் என்ன?

இருபது வருடம் ஒரு பிரச்சினையும் வராமல் இருக்கலாம். சிம் தொலையும் நாளில்தான் பிரச்சினை. அதே இலக்கத்தில் வேறு சிம் வாங்க உரிமையாளரின் அடையாள அட்டை கேட்பார்கள், உரிமையாளர் உயிரோடு இல்லை. வங்கியின் சாவியும் வட்ஸ்அப் சாவியும் அந்த இலக்கத்துக்குத்தான் வருகின்றன. மரணச் சான்றிதழோடு சேவை நிலையத்துக்குப் போய் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். கணவரின் பெயரில், முன்னாள் முதலாளியின் பெயரில் சிம் வைத்திருக்கும் தங்கச்சிமாருக்கும் இதுதான் பதில்.

இன்னொரு பக்கமும் உண்டு. நெடுநாள் பாவிக்காத இலக்கத்தை நிறுவனம் நிறுத்தி, பின்னர் வேறொருவருக்கு விற்கும். உங்கள் வங்கி இன்னும் அந்தப் பழைய இலக்கத்துக்குத்தான் செய்தி அனுப்புகிறது என்றால் அது முன்பின் தெரியாத ஒருவர் கையில் விழும். இலக்கம் மாற்றினால் முதல் வேலை வங்கியில் மாற்றுவது.

கடலில சிக்னலே இல்லை. ஜிபிஎஸ் மட்டும் எப்படி வேலை செய்யுது?

திருக்கடலூர்த் தம்பி ஒருவர் கேட்டது. ஜிபிஎஸ்ஸுக்குக் கோபுரமும் வேண்டாம், டேட்டாவும் வேண்டாம். சுமார் 20,200 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றும் செய்மதிகள் நேரத்தை அறிவித்துக்கொண்டே இருக்கின்றன. குறைந்தது நான்கின் குரல் கேட்டால், எது எவ்வளவு பிந்தி வந்தது என்று கணக்குப் பார்த்து, போன் தன் இடத்தைக் கண்டுபிடிக்கும். முன்பு கோணேசர் கோயில் நிற்கும் சுவாமி மலையையும் கரையில் இன்னொரு அடையாளத்தையும் நேர்கோட்டில் பிடித்து இடம் பார்த்தவர்கள் நம் ஆட்கள். அந்தக் கணக்கேதான், அடையாளம் மட்டும் மேலே போய்விட்டது. வரைபடத்தைக் கரையில் இருக்கும்போதே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், கடலில் இறங்காது.

ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஜிபிஎஸ் கேட்கும், பேசாது. நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பது உங்களுக்குத் தெரியும், கரையில் ஒருவருக்கும் தெரியாது. "போன் கொண்டுபோயிருக்கிறார்தானே, கண்டுபிடிக்கலாம்" என்று வீட்டில் நினைத்துக்கொண்டிருப்பார்கள். பல நாள் தங்கும் பெரிய படகுகளில் இருப்பிடத்தைச் செய்மதி வழியாக அனுப்பும் தனிக்கருவி உண்டு. சின்ன பைபர் படகில் அது இல்லை. எந்தப் பக்கம் போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று ஒருவரிடம் சொல்லிவிட்டே போங்கள்.

இடி மின்னல் நேரம் போன் பாவித்தால் மின்னல் இழுக்குமா?

கையில் இருக்கும் போன் மின்னலை இழுக்காது. ஆபத்து வயரில் இருக்கிறது. சார்ஜரில் செருகிய போனையும், வயரில் வரும் வீட்டுத் தொலைபேசியையும் அந்த நேரம் தொடாதீர்கள். வெட்டவெளியிலும் கடற்கரையிலும் நிற்பது போன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஆபத்து.

நாளைக்கு சுனாமி வரும் என்று குறூப்பில வந்திருக்கு. ஓடுவமா?

இந்தக் கேள்வியைப் பார்த்து நான் ஒருபோதும் சிரித்ததில்லை. 2004 டிசம்பர் 26 காலையில் இந்த ஊரில் நின்றவர்களுக்கு அந்தச் சொல்லே போதும். சுமாத்திரா அருகே நிலம் ஆடியதற்கும் நம் கரையில் தண்ணீர் ஏறியதற்கும் இடையே ஏறத்தாழ 2 மணித்தியாலம் இருந்தது. அதைச் சொல்ல நமக்கு ஒரு வழியும் இருக்கவில்லை. 2012 ஏப்ரல் 11 அன்று அதே பக்கத்தில் பெரிய நிலநடுக்கம் வந்தபோது எச்சரிக்கை வந்தது, மக்கள் கரையை விட்டு விலகினார்கள், பெரிய அலை வரவில்லை. அந்த இரண்டு நாளுக்கும் இடையில் வந்த மாற்றத்தைத்தான் தொழில்நுட்பத்தின் நன்மை என்று நான் சொல்வேன்.

நிலநடுக்கத்தை முன்கூட்டி நாள் குறித்துச் சொல்ல யாராலும் முடியாது. ஆகவே "நாளைக்கு", "வெள்ளிக்கிழமை" என்று வரும் செய்தி பொய். உண்மையான எச்சரிக்கை நிலம் ஆடியபிறகுதான் வரும், மணித்தியாலக் கணக்கில் வரும். 117க்கு அழைத்தால் அனர்த்த முகாமைத்துவ நிலையம் சொல்லும். கடல் வழக்கத்துக்கு மாறாக உள்வாங்கினால் மட்டும் போனைப் பார்க்காதீர்கள், மேட்டுக்கு ஓடுங்கள். பொய்ச் செய்தியை "எதற்கும் அனுப்பி வைப்போம்" என்று பகிராதீர்கள். நம் ஊரில் அது வயதானவர்களின் நெஞ்சில் போய் அடிக்கும்.

பிள்ளைக்குச் சோறு தீத்த போன் குடுக்கிறம். பிழையா?

உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது: 2 வயதுக்குள் திரையே வேண்டாம், 2 முதல் 4 வயது வரை நாளொன்றுக்கு 1 மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம், குறைவது நல்லது. உங்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். வேலைக்கும் போய் வீட்டையும் பார்க்கும் தாய்க்கு அந்தப் பத்து நிமிடம் எவ்வளவு பெரிது என்று எனக்குத் தெரியும். முதலில் ஒரு நேரச் சாப்பாட்டை மட்டும் வாசலில் காகம் காட்டித் தீத்திப் பாருங்கள்.

பெரிய பிள்ளைகள் விடயம் வேறு. 2020இல் பள்ளிக்கூடம் மூடியபோது பாடம் வட்ஸ்அப்பில் வந்தது. ஒரு போனை மூன்று பிள்ளைகள் பங்குபோட்ட வீடுகளும், சிக்னல் தேடி மரத்தடிக்குப் போன பிள்ளைகளும் உண்டு. படிப்புக்காக உள்ளே வந்த போன் அப்புறம் வெளியே போகவில்லை. பறிப்பதில் பயன் இல்லை. இரவு எல்லாப் போனும், உங்களுடையதும் சேர்த்து, ஒரே மேசையில் சார்ஜில் கிடக்கட்டும்.

போன் தொலைந்தால் படமெல்லாம் போயிடுமா?

நகல் எடுக்காவிட்டால் போய்விடும். ஒரு அக்கா என்னிடம் ஒரு படம் கொண்டுவந்தார். அவருடைய கலியாண அல்பத்தைக் கடல் கொண்டுபோய்விட்டது. கனடாவில் ஒன்றுவிட்ட தம்பியிடம் ஒரே ஒரு படம் இருந்திருக்கிறது, தபாலில் வந்தது. மணவறையின் ஓரத்தில் அவரும் கணவரும் சின்னதாக, முன்னால் யாரோ ஒருவரின் முதுகு பெரிதாக. அதை ஸ்கான் செய்து பெரிதாக்கும்போது அவர் திரையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். அதிலிருந்து யார் போன் வாங்கினாலும் நகல் எடுக்கச் சொல்லாமல் விடுவதில்லை.

கூகுள் கணக்கில் 15 ஜிபி இலவசம். மின்னஞ்சல், படம், வட்ஸ்அப் நகல் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். காலை வணக்கப் படங்களை அழித்தால் பாதி இடம் கிடைக்கும். முக்கியமான ஐம்பது படங்களை அச்சிட்டும் வையுங்கள், ஒரு பிரதி வேறு ஊரில் இருக்கும் உறவினர் வீட்டில் இருக்கட்டும்.

என் படத்தை மாற்றிப் போடுவேன் என்று மிரட்டுகிறான். வெட்கத்தில் யாரிடமும் சொல்லவில்லை.

தங்கச்சி, வெட்கப்பட வேண்டியது அவன். காசு அனுப்ப வேண்டாம், ஒருமுறை அனுப்பினால் மறுபடி கேட்பான். செய்திகளை அழிக்காதீர்கள். திரைப்பிடிப்பு எடுத்து, இலக்கமும் திகதியும் தெரியும்படி வைத்துக்கொண்டு, அதன்பின் தடை செய்யுங்கள். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938, சிறுவர்களுக்கு 1929, பொலிஸ் 119. ஸ்டொப்என்சிஐஐ என்ற தளத்தில் படத்தை வெளியே அனுப்பாமலே அதன் அடையாளக் குறியை மட்டும் பதியலாம். அதில் இணைந்த தளங்கள் அந்தப் படம் ஏறுவதைத் தடுக்கும். நம்பும் ஒருவரை, அம்மாவையோ ரீச்சரையோ, கூட வைத்துக்கொள்ளுங்கள்.

கடிதத்தை ஏஐயிடம் எழுதுவித்தேன். நல்லாத்தானே இருக்கு?

பார்வைக்கு நன்றாக இருக்கும். பிரதேச செயலகத்துக்குக் கொடுக்கும் கடிதத்தில் இல்லாத சட்டப் பிரிவை இருப்பதுபோல எழுதியதை நானே பார்த்திருக்கிறேன். அதன் தமிழும் பல இடங்களில் நம் ஊர்த் தமிழ் அல்ல. நான் ஒரு வழி வைத்திருக்கிறேன்: கடிதத்தை உரத்து வாசித்துக் காட்டுவேன். "நான் இப்படிச் சொல்லவில்லையே" என்று அவர் சொல்லும் வரியை வெட்டுவேன். வடக்கு கிழக்கில் தமிழ் நிர்வாக மொழி. உங்கள் காணிப் பிரச்சினையை உங்கள் சொல்லில் எழுதிக் கொடுப்பது உங்கள் உரிமை.

மகளின் குரலிலேயே அழுது காசு கேட்டார்கள். அவள் குரல்தான்!

இணையத்தில் கிடைக்கும் கொஞ்சக் குரலை வைத்தே இப்போது போலிக் குரல் செய்ய முடிகிறது. பணம் கேட்டால் குரலில் உறுதிப்படுத்துங்கள் என்று மேலே சொன்னேன். தெரியாத இலக்கத்திலிருந்து குரல் வந்தால் அதுவும் போதாது. வைத்துவிட்டு, உங்களிடம் உள்ள அவளுடைய இலக்கத்துக்கு நீங்கள் அழையுங்கள். வீட்டுக்குள் மட்டும் தெரிந்த ஒரு கேள்வியை வைத்துக்கொள்வதும் நல்லது. எங்கள் வீட்டில் பழைய நாயின் பெயர் கேட்போம்.

அம்மா போய் ஒரு வருசம். அவ அனுப்பின குரல் இந்தப் போன்ல மட்டும்தான் இருக்கு. போன் பழுதானால்?

அம்மாவின் வட்ஸ்அப் கணக்கு 120 நாள் பாவிக்கப்படாமல் இருந்தால் நீக்கப்படும். ஆனால் உங்களுக்கு வந்த குரல் பதிவுகள் உங்கள் போனில்தான் இருக்கின்றன, அவை அதோடு போகாது. ஒவ்வொரு பதிவையும் அழுத்திப் பிடித்து, பகிர் என்பதைத் தொட்டு, உங்கள் மின்னஞ்சலுக்கு அனுப்புங்கள். அல்லது போனைக் கொண்டுவாருங்கள், கணினிக்கு எடுத்து ஒரு பென் ட்ரைவில் போட்டுத் தருகிறேன். கலியாணப் படத்துக்குச் சொன்னதுபோல இரண்டு இடத்தில் வையுங்கள். பேஸ்புக் கணக்கு இருந்தால், மரணத்துக்கான ஆதாரம் கொடுத்து நினைவுப் பக்கமாக மாற்றச் சொல்லலாம். அதன்பின் பிறந்தநாள் அறிவித்தல் வந்து மனதைக் கலக்காது.

இதைக் கேட்டவர் உவர்மலையிலிருந்து வந்திருந்தார். நாற்பத்திமூன்று பதிவு எடுத்தோம். ஒவ்வொன்றுக்கும் பெயர் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பிறகு தேட முடியாது என்றேன். முதலாவது பதினொரு செக்கன்: "பிள்ளை, மழை இருட்டுது, கொடியில கிடக்கிற உடுப்பை எடு." திகதியைப் பெயராக வைக்கவா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "உடுப்பை எடு என்றே போடுங்க அண்ணன்" என்றார்.